கல்யாண மண்டபத்தில் ஓர் ஆடுகளம்

பெங்களூரில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் படுகோன் என்ற பெயரைச் சொன்னால் நடிகை தீபிகாவின் முகம்தான் நினைவுக்கு வரும். அவர்களுடைய தாத்தா பாட்டியிடம் அதே பெயரைச் சொன்னால், 1980இல் ஆல் இங்கிலாந்து இறகுப்பந்துப் பட்டத்தை வென்று வந்த பிரகாஷை நினைப்பார்கள். இந்த இரண்டு பேருக்கும் முன்னால் ஒரு மூன்றாமவர் உண்டு. அவர் பெயர் ரமேஷ் படுகோன். பிரகாஷின் தந்தை, தீபிகாவின் தாத்தா. அவர் பெயரில் கோப்பைகளின் பட்டியல் எதுவும் இல்லை. ஆனால் அவர் இல்லையென்றால் மற்ற இருவரின் கதையும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

கொங்கணி பேசும் ஒரு குடும்பத்துப் பெரியவரைப் பற்றித் தமிழ்ச் சங்க இதழில் ஏன் எழுத வேண்டும் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். அவர்களும் நம்மைப் போல வெளியிலிருந்து இந்த ஊருக்கு வந்தவர்கள் என்பது முதல் காரணம். படுகோன் என்பது குந்தாப்புரத்துக்கு அருகே, கடலோரத்தில் இருக்கும் ஓர் ஊரின் பெயர். நாம் தஞ்சாவூர், வேலூர், தர்மபுரி என்று ஊர் சொல்லிக்கொள்வதுபோல அவர்கள் அந்த ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராகத் தாங்கி வந்தவர்கள். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. நம்முடையதைப் போன்ற ஒரு சங்கத்தின் மண்டபத்தில்தான் இந்தக் கதை நடந்தது.

என் சிறுவயது ஸ்ரீராமபுரத்தில் கழிந்தது. பின்னி மில்லிலும் மற்ற ஆலைகளிலும் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. தண்டவாளத்தைத் தாண்டினால் அந்தப் பக்கம் மல்லேஸ்வரம். 1898இல் நகரத்தைப் பிளேக் நோய் வாட்டியபோது, நெரிசலான பேட்டைப் பகுதியிலிருந்து மக்களை வெளியே குடியமர்த்தும் தேவையோடு வளர்ந்த குடியிருப்பு. அகலமான தெருக்களும், சம்பிகே ரோட்டுப் பூக்கடைகளும், காடு மல்லேஸ்வரர் கோயிலும் எங்களுக்கு வேறு ஓர் ஊர் போலத் தெரியும். அந்த மல்லேஸ்வரத்தில்தான் கனரா யூனியன் இருக்கிறது. வங்கியின் பெயர்போல ஒலித்தாலும் அது வங்கியல்ல. கடலோரக் கனராவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் கூடிப் பேசவும், விசேஷங்கள் நடத்தவும் ஏற்படுத்திக்கொண்ட சங்கம். அதற்கென்று ஒரு மண்டபம் உண்டு. கல்யாணம் நடக்கும், கூட்டம் நடக்கும். எதுவும் இல்லாத நாட்களில் அங்கே இறகுப்பந்து நடந்தது.

இங்கே விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைய தென்னிந்தியாவில் தெருவுக்குத் தெரு ஆடப்பட்டது பூப்பந்து. மஞ்சள் நிறக் கம்பளிப் பந்தை வைத்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேராகத் திறந்தவெளியில் ஆடுவது. அது 1850களில் தஞ்சை அரச குடும்பத்தார் ஆடி வளர்த்த ஆட்டம் என்று சொல்வார்கள். அதற்கு ஒரு மைதானம் போதும். இறகுப்பந்து அப்படியல்ல. பந்தின் எடை ஐந்து கிராம் அளவுதான். சுற்றிலும் பதினாறு இறகுகள். லேசாகக் காற்றடித்தாலும் போன திசையில் போகாமல் விலகிவிடும். ஆகவே நாலு சுவரும் கூரையும் வேண்டும். அந்தக் காலத்துப் பெங்களூரில் நாலு சுவரும் கூரையும் உள்ள பெரிய இடம் என்றால் அது கல்யாண மண்டபம்தான்.

ரமேஷ் படுகோன் பல ஆண்டுகள் மைசூர் பேட்மிண்டன் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். அன்று நம் மாநிலத்தின் பெயரே மைசூர். 1973 நவம்பர் 1ஆம் தேதிதான் கர்நாடகம் ஆயிற்று. விளையாட்டுச் சங்கத்தின் செயலாளர் என்றதும் மாலை மரியாதை, மேடை நாற்காலி என்று நினைத்துவிட வேண்டாம். சின்னச் சங்கங்களில் பொறுப்பு வகித்தவர்களுக்குத் தெரியும். போட்டிக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். யார் யாரோடு ஆடுவது என்று அட்டவணை போட வேண்டும். மண்டபம் கிடைக்குமா என்று அலைய வேண்டும். நடுவராக உட்கார ஆள் பிடிக்க வேண்டும். பந்துக்குப் பணம் திரட்ட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு வலையைச் சுருட்டி வைக்கவும், விளக்கை அணைக்கவும் ஒருவர் வேண்டும். நம் சங்கத்தில் ஆண்டுவிழா முடிந்த இரவில் நாற்காலி அடுக்கும் மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இனத்தைச் சேர்ந்த வேலை அது.

அந்த மனிதர்தான் தம் மகனின் கையில் மட்டையைக் கொடுத்தார். பிரகாஷ் பிறந்தது 1955 ஜூன் 10ஆம் தேதி. இறகுப்பந்தை அவருக்கு அறிமுகப்படுத்தியவர் தந்தையே. கற்றுக்கொண்ட இடம் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கனரா யூனியன் மண்டபம். பிற்காலத்தில் பிரகாஷே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த நாளில் பயிற்சிக்கென்று அரங்கம் எதுவும் கிடையாது. இன்று மண்டபத்தில் விசேஷம் உண்டா இல்லையா என்று தினமும் காத்திருந்து விசாரிப்பார்களாம். விசேஷம் இல்லை என்று தெரிந்தால் பள்ளிக்கூடம் விட்டதும் ஒரே ஓட்டமாக ஓடிப்போய் ஆசை தீர ஆடுவார்களாம்.

கல்யாண மண்டபத்தில் ஆடிப் பார்த்தவர்களுக்கு அதன் சங்கடம் தெரியும். ஆடுகளத்தின் நீளம் 44 அடி, அகலம் 20 அடி. வலையின் உயரம் நடுவில் 5 அடி. இதற்கு மண்டபம் போதும். ஆனால் கோட்டைத் தாண்டிப் பின்னால் நகர்ந்தால் முதுகு சுவரில் இடிக்கும். பெரிய போட்டி நடக்கும் அரங்குகளில் கூரை 30 அடிக்கும் மேலே இருக்கும்; மண்டபத்தில் உயரத் தூக்கி அடித்தால் பந்து விட்டத்தில் பட்டுத் திரும்பும். மின்விசிறியைப் போடக்கூடாது, போட்டால் பந்து அலையும். வியர்வையோடுதான் ஆட வேண்டும். முதல் நாள் விருந்து நடந்திருந்தால் தரை வழுக்கும். இத்தனையும் சகித்துக்கொண்டு ஒருவன் ஆடுகிறான் என்றால் அவனுக்கு ஆட்டத்தின்மேல் உண்மையான பிரியம் இருக்க வேண்டும். அந்தப் பிரியத்தை ஊட்டிய ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

1962இல் பிரகாஷ் மாநில ஜூனியர் போட்டியில் இறங்கினார். அதுதான் அவருடைய முதல் அதிகாரபூர்வப் போட்டி. வயது ஏழு. முதல் சுற்றிலேயே தோற்றுப்போனார். இந்த இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நிற்பேன். நம்மில் எத்தனை வீடுகளில் கதை இங்கேயே முடிந்திருக்கும்? “பையனுக்கு இது வராது, படிப்பைப் பார்க்கட்டும்” என்று மட்டையைப் பரணில் போட்டிருப்போம். சங்கச் செயலாளரின் மகன் முதல் சுற்றில் தோற்பது தகப்பனுக்கு மதிப்புக் குறைவு என்று நினைப்பவர்களும் உண்டு. மல்லேஸ்வரத்தில் அப்படி நடக்கவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மாநில ஜூனியர் பட்டத்தைப் பிரகாஷ் வென்றார். அப்போது வயது ஒன்பது.

அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்த சரித்திரம். 1972இல் ஜூனியர், சீனியர் என்று தேசியப் பட்டங்கள் இரண்டும் ஒரே ஆண்டில் அவர் கைக்கு வந்தன. அதே ஆண்டு அர்ஜுனா விருதும் கிடைத்தது. 1978இல் கனடாவின் எட்மன்டன் நகரில் நடந்த காமன்வெல்த் போட்டியில் தங்கம். 1980இல் டென்மார்க், ஸ்வீடன் ஓபன் பட்டங்கள். அதையடுத்து ஆல் இங்கிலாந்து. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் இந்தோனேசியாவின் லியம் ஸ்வீ கிங். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் அந்தப் பட்டத்தை வைத்திருந்தவர். எகிறிக் குதித்து அவர் அடிக்கும் ஸ்மாஷ் உலகப் புகழ் பெற்றது. பிரகாஷ் 15-3, 15-10 என்று நேர் ஆட்டங்களில் வென்றார். ஆல் இங்கிலாந்துப் பட்டத்தை வென்ற முதல் இந்தியர் அவர்.

அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் பிரகாஷின் மணிக்கட்டைத்தான் பாராட்டினார்கள். வேகத்தை வேகத்தால் எதிர்க்காமல், பந்தை மெல்லத் தட்டி, எதிராளி எதிர்பாராத மூலையில் விழவைக்கும் ஆட்டம். கூரை தாழ்ந்த, இடம் குறைந்த மண்டபத்தில் முரட்டு பலத்துக்கு வேலையில்லை, மணிக்கட்டுக்குத்தான் வேலை என்பது என் எண்ணம். இல்லாத வசதி அவருக்கு இருந்த பலத்தைக் கூர்மையாக்கியது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

செய்தி வந்த அன்று ஸ்ரீராமபுரத்து டீக்கடையில் இறகுப்பந்து மட்டையைத் தொட்டே பார்க்காத மில் தொழிலாளிகள்கூட “நம்ம மல்லேஸ்வரம் பையன்” என்றுதான் பேசினார்கள். தமிழா, கன்னடமா, கொங்கணியா என்ற பேச்சு அங்கே எழவில்லை. விளையாட்டு இப்படியொரு காரியத்தைச் செய்யும். பக்கத்துத் தெருவில் ஆடியவன் ஜெயித்தால் அவன் எல்லோருக்கும் பையன்தான்.

இனி குடும்பத்துக்கு வருகிறேன். ஒரு தகப்பன் கொடுத்தது என்ன என்பதை மகன் தகப்பனான பிறகுதான் பார்க்க முடியும். பிரகாஷ் தம் ஆட்டத்துக்காக டென்மார்க்கில் சில காலம் வாழ்ந்தார். மூத்த மகள் தீபிகா 1986 ஜனவரியில் பிறந்தது கோபன்ஹேகன் நகரில்தான். குழந்தைக்கு நினைவு தெரிவதற்கு முன்பே குடும்பம் பெங்களூருக்குத் திரும்பிவிட்டது. தீபிகாவும் மட்டை பிடித்தார். விடிவதற்கு முன் எழுந்து பயிற்சி, பிறகு பள்ளி, மறுபடி பயிற்சி என்று தேசிய அளவில் ஆடும் நிலைக்கு வந்தார். பிறகு தமக்கு இந்த வழி வேண்டாம், மாடலிங் துறைக்குப் போகிறேன் என்றார். இளைய மகள் அனிஷா கோல்ஃப் விளையாட்டைத் தேர்ந்துகொண்டார். ஆல் இங்கிலாந்து வென்ற வீட்டில் இறகுப்பந்தை விட்டுப் போவதற்கு இரண்டு பெண்களுக்கும் இடம் இருந்தது.

2016இல் ஒரு திரைப்பட விருது விழாவில் தீபிகா மேடையிலேயே ஒரு கடிதத்தைப் படித்தார். பிரகாஷ் தம் மகள்களுக்கு எழுதிய கடிதம் அது. மேலே சொன்ன மண்டபத்துக் கதை அதில்தான் வருகிறது. சிறுவயதில் எதுவும் இல்லை என்று தாம் ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை என்பதை அவர் தம் வாழ்வின் முக்கியமான விஷயமாகச் சொல்கிறார். மகள் எத்தனை பெரிய நட்சத்திரமானாலும் வீட்டுக்கு வந்தால் தன் படுக்கையைத் தானே சரிசெய்ய வேண்டும், சாப்பிட்ட மேசையைத் துடைக்க வேண்டும், விருந்தாளி வந்தால் தரையில் படுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். படிக்கும்போது இது நம் வீட்டுத் தாத்தாக்கள் பேசும் பேச்சுப் போலவே இருக்கிறது. ஒரு மண்டபம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த பையனுக்குத்தான் கிடைத்ததைக் கொண்டு திருப்தியாக இருக்கத் தெரியும். அந்தப் பாடத்தின் முதல் ஆசிரியர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிரகாஷ் தாம் பெற்றதைத் தம் வீட்டோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. 1994இல் பெங்களூரில் ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். அங்கே பயின்ற புல்லேல கோபிசந்த் 2001இல் அதே ஆல் இங்கிலாந்துப் பட்டத்தை வென்றார். கோபிசந்த் பிறகு ஹைதராபாத்தில் பயிற்சிக்கூடம் அமைத்தார். சாய்னா நேவாலும் பி.வி. சிந்துவும் அவரிடம் பயின்று ஒலிம்பிக் பதக்கம் பெற்றார்கள். கனரா யூனியன் மண்டபத்தில் ஒரு தகப்பன் கட்டிய வலை எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது பாருங்கள்.

நம்மவரிலும் இப்படிப்பட்ட தந்தையர் இருந்திருக்கிறார்கள். தென்காசியைச் சேர்ந்த டி.கே. ராமநாதன் தம் மகன் கிருஷ்ணனுக்குத் தாமே டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். அந்த மகன் 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார்; 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். பேரன் ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் தந்தை வென்ற அதே சிறுவர் பட்டத்தை வென்றார். அங்கேயும் முதல் பள்ளிக்கூடம் வீடுதான்.

பெங்களூர்த் தண்டுப் பகுதியில் நம் மக்களின் கால்பந்து மோகத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. 1948 ஜூலை 31ஆம் தேதி லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்சிடம் 2-1 என்று தோற்றது. இந்தியாவுக்காக அந்த ஒரே கோலை அடித்தவர் பெங்களூர் ஆட்டக்காரர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். அந்தத் தெருக்களில் வேலை முடிந்து வந்த கையோடு பையன்களைச் சேர்த்துக்கொண்டு மைதானத்துக்குப் போன பெரியவர்கள் எத்தனையோ பேர். சம்பளம் இல்லை. பையன்களுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்த காசு அவர்கள் கையிலிருந்து போனதுதான். பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ரமேஷ் படுகோனின் பெயராவது மகனால் நிலைத்தது. மற்றவர்களை அவர்களிடம் ஆடிய பையன்கள் நினைத்துக்கொண்டால்தான் உண்டு.

இதையெல்லாம் நான் இப்போது எழுதக் காரணம் ஒரு சிறிய விவாதம். எங்கள் பகுதியில் ஒரு தமிழ் மன்றத்தின் குழுவில் நானும் இருக்கிறேன். மன்றத்துக்கு ஒரு மண்டபம் உண்டு. பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, ஆண்டுவிழா, நடுவில் சில கல்யாணங்கள். வாரநாட்களில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். மாலை நேரத்தில் பிள்ளைகள் இறகுப்பந்து ஆடத் திறந்துவிடலாமே என்று கேட்டேன். தரை பாழாகும் என்றார் ஒருவர். கண்ணாடி உடையும் என்றார் மற்றொருவர். “இது தமிழ் வளர்க்கும் இடம், விளையாட்டு மைதானம் இல்லை” என்றார் வயதில் மூத்த ஒருவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. மன்றம் கட்ட வீடு வீடாகப் போய் நன்கொடை திரட்டியவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் அவரிடம் ஒன்று கேட்டேன். “ஐயா, நம் பிள்ளைகள் இங்கே ஆண்டுக்கு எத்தனை நாள் வருகிறார்கள்?”

அவரே விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். நாலைந்து நாள். அதிலும் மேடையில் மனப்பாடம் ஒப்பித்துவிட்டு, பரிசு வாங்கிக்கொண்டு ஓடிவிடும் நாட்கள். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடமும் இந்தியும், வீட்டில் பாதித் தமிழ் என்று வளரும் பிள்ளைக்குத் தமிழ் பேசும் நண்பன் வேண்டும். சண்டை போட, கேலி செய்ய, கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று வாதாட ஒரு மொழி வேண்டும். அந்தச் சண்டை தமிழில் நடந்தால் மொழி தானாக நிலைக்கும். வகுப்பு நடத்தி மட்டும் அதைக் கொடுத்துவிட முடியாது.

கடைசியில் பஞ்சாங்கம்தான் எங்களுக்கு வழி காட்டியது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. மண்டபத்தை யாரும் கேட்டு வருவதில்லை. அந்த இரண்டு மாதங்களில் செவ்வாய், வெள்ளி மாலைகளில் மட்டும் திறந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. கண்ணாடிக்கு வலை கட்டுவது, தரையில் ரப்பர் காலணி மட்டும் அணிவது, சிறு பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிய்ந்துபோகாத நைலான் பந்து என்று மூன்று விதிகள் எழுதினோம். பெரிய செலவு எதுவும் இல்லை. குறைவது ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு மாலையும் வலையைக் கட்டி அவிழ்க்க ஒருவர்.

அந்த ஒருவர்தான் எல்லாம். நம் பிள்ளைகளில் ஒரு பிரகாஷ் வருவார் என்று யாருக்கும் வாக்குத் தர முடியாது, வராமலும் போகலாம். 1962இல் முதல் சுற்றில் தோற்ற ஏழு வயதுப் பையனைப் பார்த்தும் யாரும் அப்படி வாக்குத் தந்திருக்க முடியாது. ரமேஷ் படுகோன் மகனுக்குப் பட்டம் ஒன்றையும் வாங்கிக் கொடுக்கவில்லை. அவர் ஆட்டத்தைக் காட்டிக் கொடுத்தார். ஆடுவதற்கு ஓர் இடமும், அந்த இடத்தை நடத்தும் சங்கமும் நிலைக்கும்படி உழைத்தார். பெரிய வீடோ பெரிய பணமோ இல்லாத தகப்பனாலும் முடிகிற காரியம் இது.

இந்த இதழைப் படிக்கும் தந்தையர், தாய்மார், மாமா, சித்தப்பாக்களில் யாருக்கேனும் வாரத்தில் இரண்டு மாலை ஒதுக்க முடியுமானால் உங்கள் பகுதிச் சங்கத்தின் செயலாளரிடம் சொல்லுங்கள். நன்றாக ஆடத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. மண்டபச் சாவியை நேரத்துக்கு வாங்கி வரத் தெரிந்தால் போதும்.